கால் வலிக்கு நெஞ்சு எக்ஸ்ரே

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கம் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு எல்லாம் சேர்ந்து வலித்தால் வாதம் என்பார்கள், இல்லையென்றால் சிக்குன்குனியா என்பார்கள். கடல்பாசி எடுக்கிற பெண்களுக்கும் வல்லம் படகில் நின்றே பொழுதைக் கழிப்பவர்களுக்கும் மூட்டு வலி புதிதல்ல. அதனால் நெஞ்சைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஹைப்பர்ட்ரோஃபிக் ஆஸ்டியோஆர்த்ரோபதி என்ற அபூர்வ நோயில் வலி காலில் இருக்கும், காரணம் பெரும்பாலும் நுரையீரல் புற்றுநோயாக இருக்கும். இருமல் தொடங்கச் சில மாதங்களுக்கு முன்பே கால் வலி வந்துவிடலாம். நோயாளிகளோடு ஆஸ்பத்திரிகளில் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

வலி எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூட்டை மட்டும் காட்டாமல் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு நெடுகத் தடவிக் காட்டினால் கவனிக்க வேண்டும். காலைத் தொங்கப்போட்டால் எரிச்சலோடு கூடும், தலையணை மேல் தூக்கி வைத்தால் குறையும். அடுத்து நகம். இரண்டு கை மோதிர விரல்களின் நகங்களையும் முதுகுக்கு முதுகு ஒட்டிப் பிடித்தால் நடுவில் சாய்சதுரமாகச் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்து, நகத்தின் அடிச்சதை பஞ்சு மாதிரி அமுங்கினால், பீடி பிடிக்காதவராக இருந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். நகம் மாறியதை வீட்டில் யாரும் வியாதியாக எடுத்துக்கொள்வதில்லை.

கெடுதல் நடப்பது ஊசியில்தான். வலி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டால் ஓரளவு அடங்கும். "தடைக்காலம் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று மீன்பிடித் தடை தொடங்கும் ஏப்ரல் 15 வரை தள்ளிப்போடுவார்கள். அதற்குள் கட்டி வளர்ந்துவிடும்.

முடக்குவாத ரத்தப் பரிசோதனைகள், அதாவது ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பி.யும், இந்த நோயில் பெரும்பாலும் நெகட்டிவாக இருக்கும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். ஏறியிருக்கலாம், அதை வைத்து வாதம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முழங்காலை மட்டும் படம் எடுத்தால் நோய் தப்பிவிடும். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை முழு எலும்பும் படத்தில் விழ வேண்டும், முன்கையும் அப்படியே. எலும்பின் வெளிப்புறத்தில் புதிதாக ஒரு மெல்லிய கோடு படிந்திருக்கும். அதே சீட்டில் நெஞ்சு எக்ஸ்ரேயும் எழுதித் தரக் கேளுங்கள். இதயத்துக்குப் பின்னால் ஒளிந்த கட்டி எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் நகமும் காலெலும்பும் இந்த நோயைக் காட்டினால், எக்ஸ்ரே நார்மல் என்று வந்தாலும் சி.டி. ஸ்கேன் தேவை. நெடுநாள் வலி மாத்திரை தின்றவருக்குக் சி.டி.க்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுமுன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்ப்பது அவசியம். எக்ஸ்ரேயில் நிழலைக் கண்டதும் டிபி மாத்திரை தொடங்குவதும் உண்டு. சளிப் பரிசோதனையில் கிருமி வராதபோது, சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

எலும்புகளைப் பார்க்கும் போன் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் மதுரைக்கு எழுதித் தருவார்கள். ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படம். இடையில் நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்க வேண்டும். பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு மதுரை போய்ச் சேர்வதற்குள் வலியில் உயிர் போய்விடும். காலை நீட்ட இடம் கிடைக்கும் ரயிலே மேல்.

இந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த நோயில் இரண்டு கால்களிலும் எலும்பின் இரு ஓரமும் தண்டவாளம் போல ஒரே சீராக ஒளிரும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய் முதுகெலும்பு, விலா, இடுப்பு என்று திட்டுத் திட்டாகத் தெரிவதே வழக்கம். முதலாவதை இரண்டாவதாகப் படித்துவிட்டால் நோயாளி நான்காம் நிலைக்குத் தள்ளப்படுவார், ஆபரேஷன் வாய்ப்பும் போய்விடும். 'எலும்பில் பரவியிருக்கிறது' என்று எழுதியிருந்தால், எந்த எலும்பில், ஒரு பக்கமா இரு பக்கமுமா என்று கேட்டு, கால் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பயாப்சிக்கு முன், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். ஊசியால் சதை எடுத்த பிறகு திடீரென்று மூச்சு வாங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இலக்கு மாத்திரை பொருந்துமா என்று பார்க்கும் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணுச் சோதனைகளுக்கு அதுதான் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் பயாப்சி முடிவுக்குக் காத்திராமல் வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைப் பார்த்துவிடுவது நல்லது.

கட்டியை வெட்டி எடுக்க முடிந்தவர்களுக்குக் கால் வலி சில நாட்களிலேயே விட்டுவிடுவதுண்டு. நகம் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும். வெட்ட முடியாதவர்களுக்குக் கீமோ, கதிர்வீச்சு, இலக்கு மாத்திரை எது வேலை செய்தாலும் வலியும் கூடவே இறங்கும். அதுவரை வலி மாத்திரை. அது போதாவிட்டால் பாமிட்ரோனேட் அல்லது ஜோலட்ரோனிக் அமிலம் என்ற எலும்பு மருந்தை டிரிப்பில் ஏற்றுவார்கள். அதற்கு முன்பும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும், சொத்தைப் பல் இருந்தால் முதலில் பிடுங்கிப் புண் ஆற விட வேண்டும். இல்லாவிட்டால் தாடை எலும்பு கெட்டுப்போகலாம். டிரிப் ஏற்றிய அன்றோ மறுநாளோ காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமாலுக்குக் கேட்கும். ஆபரேஷனுக்குப் பிறகு விட்டுப்போன கால் வலி திரும்பி வந்தால் ஊசி போடப் போகாதீர்கள், அடுத்த செக்கப் தேதிக்கும் காத்திராமல் புற்றுநோய் டாக்டரிடமே போய் நெஞ்சு சி.டி. எழுதி வாங்குங்கள்.