வீடு, அலுவலகம், கார்: மூன்றுக்கும் ஒரே கால்பலகை செய்த விவரம்

கடையில் விற்கும் கால்பலகைகள் பெரும்பாலும் அலுவலக மேசைக்கென்றே செய்தவை. அதையே வீட்டில் சோபாவுக்கு முன்னால் போட்டால் உயரம் கூடிவிடுகிறது. காரில் வைத்தால் முழங்கால் மேலே ஏறித் தொடை இருக்கையை விட்டுக் கிளம்பிவிடும், உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பில் இறங்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒன்று செய்தபோது எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே விஷயம்: மேசைக்கடியில் வேண்டியது உயரம், காரில் வேண்டியது சாய்வு. இரண்டையும் ஒரே கீலிலோ ஒரே திருகிலோ ஏற்றி இறக்கப் பார்த்தால் எங்கும் சரியாக உட்காராது. உயரத்துக்குத் தனியாக மடக்குக் கால், சாய்வுக்குத் தனியாக முட்டுப்பலகை என்று பிரித்தபிறகுதான் வேலை நேராயிற்று.

மரம் வாங்கப் போகும் முன் அளவெடுங்கள். மேசை உயரம் பெரும்பாலும் 720 முதல் 750 மி.மீ. வரை இருக்கும், அதை மாற்ற முடியாது. ஆகவே முழங்கை மேசைமட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தியபின், வழக்கமாகப் போடும் செருப்போடு உட்கார்ந்து, குதிகாலுக்கும் தரைக்கும் இடையில் எவ்வளவு தொங்குகிறது என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இருக்கை 490 மி.மீ., செருப்போடு முழங்கால் மடிப்பு 390 மி.மீ. என்றால் இடைவெளி 100. ஐந்தடி உயரப் பெண்களுக்குச் சாதாரணமாக இதை ஒட்டித்தான் வரும். தொடைக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவே விரல் நுழைய முடியாமல் இறுகியிருந்தால் கால்பலகை தேவை என்று அர்த்தம். நாற்காலியை இறக்கினாலும் முழங்கை மேசைக்குச் சரியாக நிற்கிறதென்றால் தேவையே இல்லை, வீணாகச் செய்யாதீர்கள்.

சோபாவில் தொங்குவது இதில் பாதிதான், 40 முதல் 60 மி.மீ. அங்கே பெரும்பாலும் குற்றவாளி இருக்கையின் ஆழம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துப் பார்த்துவிட்டு அளங்கள். காலை நீட்டி உயர்த்திப் போட வேண்டுமென்றால் அதற்கு இருக்கையளவு உயரமான மெத்தை முக்காலி வேண்டும். இந்தப் பலகை அந்த வேலைக்கு ஆகாது.

மரத்துக்கு 12 மி.மீ. ப்ளைவுட் எடுத்தோம். இங்கே எல்லா ஹார்ட்வேர் கடையிலும் மலிவாகக் கிடைப்பது ஷட்டர்ப்ளை, கான்கிரீட் அச்சுக்குப் போடும் பலகை. உறுதியில் குறையில்லை. ஆனால் உள்ளடுக்குகளில் பொந்து இருக்கும், திருகாணி அந்த இடத்தில் விழுந்தால் பிடிக்காது. வெட்டிய விளிம்பைப் பார்த்துப் பொந்து இல்லாத துண்டாகப் பொறுக்கினால் போதும். சூப்பர்வுட் என்று இங்கே சொல்லும் அழுத்துப்பலகை வேண்டவே வேண்டாம். மழைநாளில் ஈரச் செருப்பு இரண்டு தடவை பட்டாலே ஓரம் ஊதிப்போகும். டர்பன் காற்றின் ஈரத்துக்கே அது தாங்காது.

முழுப் பலகை 2440 × 1220 மி.மீ. வரும், அவ்வளவு தேவையில்லை. பலகை அறுத்துக் கொடுக்கும் கடையில் மிச்சத்துண்டு கேளுங்கள். மேல்பலகை ஒன்று, அடிப்பலகை ஒன்று, இரண்டும் 420 × 320. மடக்குக் கால் இரண்டு, ஒவ்வொன்றும் 280 × 60. இவை 12 மி.மீ. கனம். 9 மி.மீ. கனத்தில் முட்டுப்பலகை ஒன்று, 300 × 90. அதே கனத்தில் 25 மி.மீ. அகல ரீப்பர், அதாவது ஒடுக்கமான மரப்பட்டை, மூன்று: இரண்டு 420 நீளம், ஒன்று 300 நீளம். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. தின்னும். துண்டுகளை ஒட்டி ஒட்டி வரைந்து கொடுத்தால் கடைசித் துண்டு குட்டையாகத்தான் வரும். எல்லாம் பூட்டியபின் எடை இரண்டரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். ஒரு கையில் தூக்கிப் போக அதுதான் எல்லை. அகலத்தை 450 ஆக்கினால் காலுக்குச் சுகம், ஆனால் காரின் கால்வைக்கும் குழியில் பல வண்டிகளில் நுழையாது.

முதலில் அடிப்பலகையின் மேல் ரீப்பர்களை மரப்பசையும் சிறு ஆணியும் போட்டு ஒட்ட வேண்டும். நீள ரீப்பர் ஒன்று குதிகால் பக்க விளிம்பில், இன்னொன்று விரல் பக்க விளிம்பில். மூடும்போது மேல்பலகை இந்த இரண்டின்மேல்தான் படுக்கும். விரல் பக்க ரீப்பரின்மேல் பழைய கம்பளித்துணி ஒரு பட்டை ஒட்டாவிட்டால் காரில் கடகடவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். குதிகால் பக்க ரீப்பரிலும் மேல்பலகையின் அடியிலும் சேர்த்து ஒரு முழுநீளப் பியானோ கீல், அதாவது ஒரே பட்டையாக நீளமாக வரும் கீல். அதன் ஊசி (இரண்டு சிறகையும் கோக்கும் நடுக்கம்பி) நிற்கும் கோட்டைச் சுழியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சரியாக 200 மி.மீ. தள்ளி, மூன்றாவது ரீப்பரின் விரல்பக்க விளிம்பு. அதில் இரண்டாவது கீல், அதன் மறுசிறகில் முட்டுப்பலகை. இரண்டு கீலின் ஊசியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எல்லா ரீப்பரும் ஒரே கனம். மட்டம் மாறினால் கீழே சொல்லும் அளவுகள் பொருந்தாது.

முட்டுப்பலகையை ஊசியின் நடுவிலிருந்து நுனிவரை 90 மி.மீ. வரும்படி சீவி எடுங்கள். அது மேலே நிமிர்ந்து மேல்பலகையின் அடியில் உள்ள பள்ளத்தில் முட்டி நிற்கும். சுழியத்திலிருந்து 280 மி.மீ. தூரத்தில் பள்ளம் வெட்டினால் 10 பாகைச் சாய்வு, 246-ல் வெட்டினால் 20 பாகை, 212-ல் வெட்டினால் 25 பாகை. 15 பாகைக்கு 267-ல் வெட்டலாம், ஆனால் 280-க்கு மிக நெருக்கம், நடுவில் நிற்கும் மரம் சீக்கிரம் சில்லுப் போகும். நாங்கள் விட்டுவிட்டோம், யாரும் கேட்கவில்லை. பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ., அந்த ஆழத்தால் சாய்வு ஒரு பாகை குறையும், பாதகமில்லை.

பள்ளத்தின் வடிவத்தில்தான் பலரும் கோட்டை விடுவது. கால் அமுக்கும்போது முட்டுப்பலகையின் நுனி விரல் பக்கமாக வழுக்கப் பார்க்கும். அதனால் பள்ளத்தின் விரல்பக்கச் சுவர் செங்குத்தாக இருக்க வேண்டும், குதிகால்பக்கச் சுவர் சரிவாக. இரண்டையும் சரிவாக வெட்டினால் கையால் அமுக்கிப் பார்க்கும்போது நிற்கும், இரண்டு காலையும் ஊன்றி எம்பினால் படீரென்று விழும். முட்டுப்பலகையின் நுனியை உப்புத்தாளால் உருட்டி விடுங்கள். ப்ளைவுட்டில் கைவைக்கும் முன் தடித்த அட்டையில் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் வெட்டி, குண்டூசியைக் கீலாக வைத்து மடக்கி விரித்துப் பாருங்கள். நீங்கள் வாங்கும் கீலின் தடிமன் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் காட்டினால் அங்கேயே தெரிந்துவிடும்.

கீலுக்குத் திருகாணி எப்போதும் பலகையின் முகத்தில்தான் இறங்க வேண்டும். ப்ளைவுட்டின் விளிம்பில் இறக்கினால் அடுக்கு பிளந்து கொடுக்கும். 12 மி.மீ. பலகைக்கு 10 மி.மீ. நீளத் திருகாணி, 2 மி.மீ. துளை முன்கூட்டியே. ரீப்பரில் மட்டும் திருகாணி ரீப்பரைத் தாண்டி அடிப்பலகையிலும் இறங்கட்டும், அதற்கு 16 மி.மீ. எடுங்கள். முட்டுப்பலகை 9 மி.மீ.தான், அதற்கு 8 மி.மீ. இரண்டு முனைத் திருகாணியைப் போட்டுத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்கினால் கீல் கோணிக்கொண்டு இழுக்கும். கடற்கரை ஊர்களில் துத்தநாகப் பூச்சுக் கீல் சீக்கிரம் துருப்பிடித்துக் கிறீச்சிடும். பித்தளையோ எவர்சில்வரோ வாங்குவது நல்லது. ஜொகானஸ்பர்க்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இனிக் கால்கள். அடிப்பலகையின் கீழே, இடம் வலம் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, உள்பக்கமாக மடங்கும்படி. கீலின் ஒரு சிறகு அடிப்பலகையின் அடிமுகத்தில், மறுசிறகு காலின் உள்முகத்தில். அப்படிப் பூட்டினால் கால் விரியும்போது அதன் மேல்விளிம்பே பலகையில் முட்டி நிறுத்திக்கொள்ளும், பாரம் திருகாணியில் ஏறாமல் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கும். அந்த மேல்விளிம்பை வெளிப்பக்கம் தாழும்படி 5 பாகை சீவிவிட்டால் கால் செங்குத்தைத் தாண்டி லேசாக வெளியே சாய்ந்து நிற்கும். மேலிருந்து எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு இறுகும். சீவாமல் விட்டால் பக்கவாட்டில் ஒரு இடி போதும், உள்ளே மடங்கிவிடும். தூக்கி நகர்த்தும்போது எப்படியும் தொங்கி மடங்கத்தான் செய்யும். அதற்கு ஒவ்வொரு காலுக்கும் ஜன்னலுக்குப் போடுவதுபோல ஒரு சிறு கொக்கி. நடுவே கழற்றி மாட்டும் குறுக்குக்கட்டை வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கழற்றி மாட்டும் எதுவும் ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

கால் விரித்தால் குதிகால் நிற்கும் உயரம் சுமார் 100 மி.மீ., மடித்தால் 55-ஐ ஒட்டி. முன்னது மேசைக்கு, பின்னது சோபாவுக்கும் காருக்கும்.

தரைப்பிடி இந்த மடிப்பிலேயே தீர்ந்துவிட்டது. கால் விரிந்திருக்கும்போது தரையைத் தொடுவது அதன் விளிம்பு, அதில் 3 மி.மீ. ரப்பர் பட்டை, டைல்ஸ் தரைக்கு. மடிந்திருக்கும்போது தரையைப் பார்ப்பது அதன் வெளிமுகம். அதில் வெல்க்ரோவின் சொரசொரப்பான பாதி, 50 மி.மீ. அகலம், காரின் கம்பளத்தைக் கவ்விப் பிடிக்கும். கம்பளத்தில் ரப்பர் பயன்படாது, டைல்ஸில் வெல்க்ரோ சறுக்கும். இரண்டுக்கும் தனித்தனி முகம் கிடைப்பது இந்த அமைப்பின் நல்ல குணம். சோபாவுக்கு முன்னால் டைல்ஸ் என்றால் மட்டும் அடியில் ஒரு மிதியடி போட வேண்டியிருக்கும். வினைல் தரையில் கறுப்பு ரப்பர் கறையை விட்டுப் போகும், கழுவினாலும் போகாது. அங்கே கார்க் பட்டை ஒட்டுங்கள். பசைத்துப்பாக்கியின் சூட்டுப் பசை இந்த வேலைக்கு லாயக்கில்லை. பிப்ரவரி வெயிலில் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய வண்டிக்குள் அது இளகி, பட்டை கழன்று வரும். வெல்க்ரோவின் சொந்த ஒட்டும் அதே கதிதான். ஓரங்களில் ஸ்டேப்பிள் அடித்துவிடுங்கள்.

மேலே 5 மி.மீ. ஈவிஏ நுரைப்பாய், கூடாரப் பயணத்துக்கு விற்பது. அதைவிடத் தடிமன் வேண்டாம், குதிகால் புதைந்து சாய்வின் பயன் போய்விடும். தோலுறை பார்க்க நன்றாக இருக்கும், வெறுங்காலுக்கு வேர்க்கும். நுரை ஒட்டுவதற்கு முன்பே பலகையை, முக்கியமாக விளிம்புகளை, வார்னிஷ் மூன்று பூச்சு. விளிம்பு தண்ணீர் குடிப்பதால் முதல் பூச்சை அங்கே இரட்டிப்பாகக் கொடுங்கள்.

அலுவலகத்தில் 10 பாகைதான் நாள் முழுக்கத் தாங்கும். 20 பாகை கெண்டைக்காலை நீட்டிவிட நல்லது, அரைமணிக்கு மேல் கணுக்கால் சலிக்கும். நாற்காலியின் சக்கரம் விரிந்த காலில் இடிக்கும், அதனால் பலகையைச் சற்று உள்ளே தள்ளிப் போட வேண்டும். வீட்டில் எதிர்பாராத இன்னொரு பயன் அடுப்படியில் கிடைத்தது. ஆடிமாதக் கூழுக்கோ விசேஷத்துக்கோ பெரிய பானை முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறவர்கள் கால் விரித்த பலகையில் ஒரு பாதத்தை மாற்றி மாற்றி வைத்தால் இடுப்புவலி மட்டுப்படும். அதன்மேல் ஏறி நின்று அலமாரியில் சாமான் எடுக்கக் கூடாது என்று சொல்லத்தான் வேண்டும். சொன்னாலும் யாராவது ஏறுவார்கள். ஆகவே பத்துக் கிலோ அரிசிப் பைகளை எட்டாக அடுக்கி ஒரு இரவு விட்டுப் பாருங்கள், காலையில் நடுப்பலகை தொய்ந்திருந்தால் அடியில் ஒரு ரீப்பர் குறுக்கே ஒட்டுங்கள்.

கார் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில், அதாவது இங்கே வலப்பக்கத்தில், இது எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. நழுவிப் பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினால் வண்டி நிற்காது. ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் வைப்பதானால் முன்னிருக்கையின் அடியில் அது நுழையுமளவு சந்து இருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். இருந்தால் அந்த இடமும் வேண்டாம். பாதுகாப்பான இடம் இடப்பக்க முன்னிருக்கை அல்லது அதற்குப் பின்னால். இருக்கையை ஒரு பல் பின்னால் தள்ளி, பலகையின் கால்களை மடித்தபடியே வைத்து, 20 அல்லது 25 பாகை. பாதம் தாழவே இருக்கட்டும், டாஷ்போர்டில் ஏறவே கூடாது. ஏர்பேக் வெடிக்கும்போது காலோடு சேர்த்து முழங்காலை முகத்துக்குக் கொண்டுவரும். மூலைகளை 20 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, மேல்விளிம்பிலும் நுரையை மடித்து ஒட்டுங்கள். டர்பனிலிருந்து ஜொகானஸ்பர்க்குக்கு என்3 சாலையில் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஒரே சாய்வில் வைத்திருந்தால் பாதம் மரத்துவிடும், வழியில் வரும் ஹாரிஸ்மித் ஊரில் இறங்கி நடந்துவிட்டுப் பள்ளத்தை மாற்றிப் போடுங்கள். குழந்தைகளுக்கு இது வேண்டாம், அவர்களுக்குச் சரியான கார் இருக்கைதான் வேண்டும்.

பயன்படுத்தாதபோது 25 மி.மீ. நாடா ஒன்றைச் சுற்றிக் கட்டி டிக்கியில் போடுங்கள், பின்கண்ணாடித் தட்டில் வைக்காதீர்கள். கடற்கரை மணல் பள்ளங்களில் சேர்ந்தால் முட்டுப்பலகை முழுதாக உட்காராமல் விளிம்பில் நிற்கும். பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு, கீலுக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகு தடவுங்கள். எண்ணெய் மணலைப் பிடித்துவைக்கும்.