இரத்தத்தில் பார்த்தால் மூளை தெரியுமா?

புரத உணவில் கிடைக்கும் அமினோ அமிலமான டிரிப்டோஃபான் என்றாலே மூளையில் செய்தி கடத்தும் செரோட்டோனின், செரோட்டோனின் என்றாலே சந்தோஷம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. ஆய்வகத்தில் இவற்றை அளப்பதே வேலை என்பதால் எனக்கு அதைக் கேட்டாலே கொஞ்சம் எரிச்சல். உடலில் சிதையும் டிரிப்டோஃபானில் ஏறக்குறைய 95 சதவீதம், கைனூரெனின் என்ற பொருளாக மாறும் கைனூரெனின் பாதையில்தான் போகிறது. செரோட்டோனினுக்குக் கிடைப்பது சொற்பம்.

அந்தப் பாதை மூளையில் இரண்டாகப் பிரிகிறது. தலையில் அடிபட்டோ வேறு காரணத்தாலோ அழற்சி வந்தால், மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா குவினோலினிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அது நரம்பணுக்களின் மேலுள்ள என்எம்டிஏ ஏற்பிகளை ஓயாமல் தூண்டி அவற்றைச் சாகடிக்கும். நரம்பணுக்களைத் தாங்கும் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் தரும் கைனூரெனிக் அமிலம் அதே ஏற்பிகளை அடைக்கும். ஆனால் இதை நல்லது என்று எழுதிவிட முடியாது. ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளின் தண்டுவட நீரில் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) இது கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இவற்றை அளக்க, இரத்த பிளாஸ்மாவில் பெர்குளோரிக் அமிலம் விட்டதும் திரிந்த பால் மாதிரி புரதம் வெள்ளையாகத் திரளும். சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை, கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ஏற்றுவோம். டிரிப்டோஃபான் தானாகவே ஒளிரும், வரைபடத்தில் அதன் பீக் (முகடு) பளிச்சென்று விழும். கைனூரெனிக் அமிலத்துக்குத் துத்தநாக அசிட்டேட் சேர்த்தால்தான் ஒளி கூடி, அடிக்கோட்டிலிருந்து தலைதூக்கும். குவினோலினிக் அமிலம் இதற்கும் மசியாது. அதற்கு, மூலக்கூறை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான்.

"அக்கா, அப்போ தலையில அடிபட்டவங்களுக்கு டிரிப்டோஃபான் மாத்திரை கொடுத்தா என்ன?" என்று புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அழற்சி நேரத்தில், டிரிப்டோஃபானைக் கைனூரெனின் பாதைக்குள் தள்ளும் ஐடிஓ என்சைம் விழித்துக்கொள்ளும். கூடுதலாகக் கொடுப்பது எந்தப் பக்கம் போகும் என்று யார் சொல்வது?

இரத்தத்தில் பார்ப்பதிலும் இதே சிக்கல். கைனூரெனின், இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போகும். இரண்டு அமிலங்களும் எளிதில் தாண்டாது. ஆக, இரத்த அளவை வைத்து மூளைக்குள் நடப்பதை ஊகிக்கலாம், அவ்வளவுதான். 1998இல் தலைக்காயமடைந்தவர்களிடம் குவினோலினிக் அமிலம் ஏறியிருப்பதையும், அதற்கும் இறப்புக்கும் தொடர்பிருப்பதையும் கண்டது தண்டுவட நீரில். அடிபட்ட பிறகு நாளுக்கு நாள் அளவு மாறும் என்பதால் மாதிரி எடுத்த நேரமும் முக்கியம். பெயரும் வார்டும் மட்டும் எழுதி வரும் குழாய்களை இப்போது நான் வாங்குவதில்லை. அடிபட்டது எப்போது, எடுத்தது எப்போது, இரண்டையும் எழுதித் தந்தால்தான் ஃப்ரீசருக்குள் போகும்.