பக்கத்து வீட்டில் கட்டிப்போட்டு அடிக்கப்படும் கடிநாய்: புகார் முதல் மீட்பு வரை

பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டிவிடும் போலக் குரைக்கிறது, வழியில் போகிறவர்கள் மேல் பாய்கிறது. அதே நாய் நாள் முழுக்க வெயிலில் சங்கிலியோடு கிடப்பதும், அடி வாங்கிக் கத்துவதும் நமக்குத் தெரியும். இந்த நிலையில் புகார் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும் எழுதுவார்கள்: “ஆபத்தான நாய், அகற்றுங்கள்.” அந்தப் புகார் எடுபட்டால் நாய் போய்விடும்; பிறகு அது உயிரோடு இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அடித்தவர் அங்கேயேதான் இருப்பார். கொஞ்ச நாளில் இன்னொரு குட்டி அதே கம்பத்தில் கட்டப்படும். இந்தச் சிக்கலை ஆரம்பம் முதல் கடைசி வரை கடந்து வந்தவர்களாக நாங்கள் உறுதியாகச் சொல்வது இதுதான்: நாயை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதே புகாரின் மையமாக இருக்க வேண்டும்.

சங்கிலியில் இருக்கும் நாய் ஏன் பாய்கிறது என்று புரிந்துகொண்டால் வீட்டுக்காரரிடமும் அதிகாரியிடமும் தெளிவாகப் பேசலாம். பயந்த நாய் முதலில் தேடுவது ஓடித் தப்பும் வழியை. சங்கிலி அதை அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது எதிர்த்து நிற்பது மட்டும். தெருவில் யாரோ வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் கடந்து போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் எடுத்துக்கொள்கிறது. தினம் பல முறை இது நடந்தால் பழக்கம் இறுகிவிடும். அடி இதை இன்னும் கெடுக்கும். 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கூட்டிவந்த உரிமையாளர்களிடம் கேட்டார்கள். நாயை அடித்த அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்கு மூர்க்கம் காட்டியதாகச் சொன்னார்கள். உறுமினால் அடி விழும் என்று பழகிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். பயம் மட்டும் அப்படியே இருக்கும். “எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிட்டது” என்று சொல்லப்படும் பல கடிகளின் பின்னணி இதுதான்.

முதலில், காத்திருக்கக் கூடாத நிலை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாய் வாயைப் பிளந்து வேகமாக மூச்சிரைக்கிறது, எச்சில் கெட்டியாக ஒழுகுகிறது, ஈறு அடர்சிவப்பாகிவிட்டது, நடை தள்ளாடுகிறது என்றால் அது வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். சங்கிலி கழுத்தை இறுக்கி நாய் தொங்குவது, புழு வைத்த புண், எழ முடியாத அளவு காயம், கண்முன் நடந்துகொண்டிருக்கும் அடி ஆகியவையும் இதே வகை. அப்போது குறிப்பு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே காவல்துறையையோ விலங்கு மீட்பு அமைப்பையோ தொலைபேசியில் கூப்பிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பொறுமையான வழிதான் பலன் தரும்.

அந்த வழியில் முதல் வேலை நாட்குறிப்பு. தேதி, நேரம், என்ன பார்த்தோம், எவ்வளவு நேரம் நீடித்தது, வெயிலா மழையா, வேறு யார் பார்த்தார்கள், அவ்வளவுதான். “நாயைக் கொடூரமாக நடத்துகிறார்” என்ற வரி அதிகாரிக்கு எந்த வேலையும் தராது. “காலை 7.10க்குக் கம்பால் முதுகில் நான்கு அடி, நாய் கத்தியது, அதன்பின் வலது பின்னங்காலைத் தூக்கியே நடந்தது” என்ற வரியை வைத்துக்கொண்டு அவர் கேள்வி கேட்கலாம், பரிசோதனைக்கு அனுப்பலாம். கேட்டதைப் பார்த்ததாக எழுதக் கூடாது. சத்தம் மட்டும் கேட்டிருந்தால் சத்தம் கேட்டது என்றே எழுதுங்கள். ஒரே ஒரு வரி பொய் என்று நிரூபணமானாலும் மொத்தக் குறிப்பும் பயனற்றுப் போகும். நாய் தண்ணீரும் நிழலும் பெற்ற நாட்களையும் எழுதுங்கள். அது உங்கள் குறிப்பின் நம்பகத்தைக் கூட்டும்.

எதைக் கவனிப்பது? தண்ணீரிலிருந்து தொடங்கலாம். சாதாரண வெப்பநிலையில் ஒரு நாய்க்கு அதன் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி லிட்டர் தண்ணீர் ஒரு நாளைக்குத் தேவை. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். வெயிலில் இது இன்னும் கூடும். பாத்திரம் இருக்கிறதா, சங்கிலி எட்டும் தூரத்தில் இருக்கிறதா, கவிழ்ந்து கிடக்கிறதா என்று தனித்தனியாகக் குறியுங்கள். பாத்திரம் நிறைய தண்ணீர் இருந்தும், சங்கிலி கம்பத்தில் சுற்றிக்கொண்டதால் நாய் அதை எட்ட முடியாமல் கிடப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். அடுத்து நிழல்: காலையில் இருக்கும் நிழல் மதியம் நகர்ந்துவிடும், ஆகவே நேரத்தோடு எழுதுங்கள். பிறகு உடல். கால்நடை மருத்துவர்கள் உடல்நிலையை 9 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுவார்கள். 4, 5 நல்ல நிலை. விலா எலும்பும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தூரத்திலிருந்தே துருத்தித் தெரிந்தால் அது 1 அல்லது 2. கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். குட்டியாக இருந்தபோது கட்டிய பட்டையை மாற்றாமலே விட்டுவிட்டால் அது தோலுக்குள் புதைந்துவிடும். கழுத்தில் முடி கொட்டியிருப்பது, ஈரம், நாற்றம், ஈ மொய்ப்பது எல்லாம் அதன் அடையாளங்கள்.

புகைப்படத்தை உங்கள் வீட்டுக்குள்ளிருந்தோ பொது வழியிலிருந்தோ மட்டும் எடுங்கள். சுவரேறிக் குதித்து எடுத்த படம் வழக்கை உங்கள் மேலேயே திருப்பிவிடும். முதலில் இடம் முழுவதும் தெரியும்படி ஒன்று, பிறகு நெருக்கமாக ஒன்று. எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது, ஒரே சன்னலிலிருந்து ஒரே கோணத்தில் வெவ்வேறு நாட்களில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்த படங்கள். ஒரு படத்தில் காலிப் பாத்திரம் தெரிந்தால் “இப்போதுதான் குடித்து முடித்தது” என்று சொல்லிவிடலாம். பத்துப் படங்களிலும் காலியாகவே இருந்தால் அந்தப் பதில் நிற்காது. மூலக் கோப்பை வெட்டாமல், நிறம் மாற்றும் வடிகட்டி (ஃபில்டர்) போடாமல் அப்படியே வைத்திருங்கள். எடுத்த தேதியும் நேரமும் அதற்குள் பதிவாகியிருக்கும். சமூக ஊடகத்தில் போடவே வேண்டாம். வீட்டுக்காரர் உஷாராகி நாயைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடுவார், அங்கே அதன் நிலை இன்னும் மோசமாகும்.

பேசிப் பார்ப்பதா வேண்டாமா என்பது ஆளைப் பொறுத்தது. அறியாமையால் இப்படி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கட்டிப்போட்டால்தான் நல்ல காவல்நாய் ஆகும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அவர்களிடம் நாய் குரைத்து முடித்த கையோடு போகக் கூடாது. அமைதியான வேளையில், நாய்க்கு எட்டாத தூரத்தில் நின்று, குறை சொல்லாமல் உதவியாகப் பேச்சை எடுங்கள். “மதியத்துக்கு மேல் அந்த இடத்தில் வெயில் ஏறிவிடுகிறதே, ஒரு நிழல் வலை கட்டிக்கொடுக்கட்டுமா?” என்று கேட்டால் கதவு திறந்தே இருக்கும். கம்பத்தில் கட்டுவதற்குப் பதில் ஓட்டக் கம்பி போடச் சொல்லலாம்: இரண்டு தூண்களுக்கு இடையே தலைக்கு மேல் உயரத்தில் கம்பி, அதில் உருளும் வளையம், அதிலிருந்து எடை குறைந்த சங்கிலி, இரண்டு முனையிலும் முறுக்கு விழாத சுழல் கொக்கி. வளையம் தூணுக்குக் கொஞ்சம் முன்பே நிற்கும்படி கம்பியில் தடுப்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலி தூணைச் சுற்றிக்கொள்ளும். சுற்றுச்சுவர் பக்கத்தில் இருந்தால், நாய் சுவரைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் கழுத்தில் தொங்கி இறந்துபோகும் ஆபத்து உண்டு. ஆகவே சங்கிலி எந்த இடத்திலும் சுவரை எட்டாதபடி தள்ளிப் போடுங்கள். இதுகூட இடைக்கால ஏற்பாடுதான், வாழ்நாளுக்கும் கட்டிவைக்கும் முறை கிடையாது. கருத்தடை செய்யச் சொல்வது நல்ல யோசனை. இணை தேடி ஓடுவதும் அது தொடர்பான சண்டையும் குறையும். பயத்தால் வரும் கடி அதனால் மட்டும் நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

குடித்துவிட்டுக் கத்துபவர், வீட்டு மனிதர்களையும் அடிப்பவர் என்றால் நேரில் போகவே வேண்டாம். விலங்கை அடிக்கும் வீட்டில் பெண்களும் குழந்தைகளும் அடி வாங்குவது அரிய விஷயம் அல்ல. அந்தச் சத்தமும் கேட்டால் அதைத் தனியாக, அதற்குரிய இடத்தில் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே உங்கள் பக்கத்துப் பாதுகாப்பு. நாயைத் தூண்டுவது பெரும்பாலும் கண்ணில் படும் அசைவு. கம்பி வேலியாக இருந்தால், உங்கள் பக்கத்தில் அடர்த்தியான துணியோ தகடோ கட்டி மறைத்தாலே பாய்ச்சல் கணிசமாகக் குறையும். அடியில் மண் தோண்டியிருக்கிறதா என்று பார்த்துக் கல் வைத்து அடையுங்கள். பிள்ளைகள் கல்லெறிவதையும் குரைத்துக் காட்டுவதையும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். நாய்க்கு அது கொடுமை. வீட்டுக்காரருக்கோ “இவர்கள்தான் சீண்டினார்கள்” என்று சொல்லக் கிடைத்த சாக்கு. நாய் அவிழ்ந்து எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை உடம்போடு ஒட்டி அசையாமல் நில்லுங்கள். அது தளர்ந்ததும் மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்தால் பை, குடை, நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததை நடுவில் கொடுங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கைகளால் பிடரியையும் காதுகளையும் மூடிக்கொள்ளுங்கள்.

இரக்கத்தில் பலர் செய்யும் இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, வேலி வழியாகச் சாப்பாடு போடுவது. பட்டினி நாய் உணவைக் காக்கக் கையைக் கடிக்கும். பிறகு அதற்கு வாந்தி வந்தாலும் விஷம் வைத்தீர்கள் என்ற பேச்சு உங்கள் மேல் விழும். அனுமதி கேட்டு, வீட்டுக்காரர் பார்க்கக் கொடுப்பதே சரி. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு எதுவும் ஆகாது. இன்னொன்று, இரவில் போய் அவிழ்த்துவிடுவது. சட்டத்தின் கண்ணில் அது திருட்டாகிவிடலாம். அவிழ்ந்த நாய் யாரையாவது கடித்தால் அதன் கதை அன்றோடு முடிந்துபோகும்.

புகாரை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நாய் இருக்கும் இடம், அடையாளம், கவனித்த காலம், முக்கியமான நான்கைந்து நிகழ்வுகள், பிறகு உங்கள் கோரிக்கை. “நடவடிக்கை எடுக்கவும்” என்று மொட்டையாக முடிக்காமல், “நேரில் ஆய்வு செய்து, கால்நடை மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்கவும்” என்று கேளுங்கள். குறிப்பும் படங்களும் இணைப்பாகப் போகட்டும். நாய் அவிழ்ந்து திரிவது, மேலே பாய்வது பற்றித் தனி மனு கொடுங்கள், ஏனென்றால் பல இடங்களில் விலங்கு வதையைப் பார்ப்பது ஒரு துறை, பொதுப் பாதுகாப்பைப் பார்ப்பது இன்னொரு துறை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், எளிதில் முடியும் வேலையான நாயைப் பிடிப்பதை மட்டும் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். அக்கம்பக்கத்தினர் சேர்ந்தால் நல்லது. ஒரே வாசகத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போடாமல், அவரவர் பார்த்ததை அவரவர் சொற்களில் எழுதித் தரட்டும். ஒப்புகைச் சீட்டோ பதிவு எண்ணோ வாங்காமல் திரும்பாதீர்கள்.

பெரும்பாலான புகார்கள் சறுக்குவது ஆய்வு நாளில்தான். அதிகாரி காலையில் வருகிறார், பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது, நாய் நிழலில் படுத்திருக்கிறது, “குறை ஒன்றும் இல்லை” என்று எழுதிப் போகிறார். இதைத் தவிர்க்கத்தான் குறிப்பில் நேரம் வேண்டும். மதியம் 12 முதல் 4 வரை நிழல் இல்லை என்று படத்தோடு காட்டி, அந்த நேரத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் வரும்படி மனுவிலேயே கேளுங்கள். தண்ணீரை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். மெலிந்த உடலையும் கழுத்துப் புண்ணையும் மாற்ற முடியாது. ஆகவே மருத்துவப் பரிசோதனையை வலியுறுத்துங்கள். எச்சரித்துவிட்டுப் போனால், என்னென்ன திருத்தச் சொன்னார்கள், எந்தத் தேதிக்குள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கெடு முடிந்த மறுநாள் அதே சன்னலிலிருந்து படம் எடுத்து, அதே பதிவு எண்ணைப் போட்டு அனுப்புங்கள். புதுப் புகாராகக் கொடுத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

நடுவில் யாரையாவது கடித்துவிட்டால் மற்ற கணக்கெல்லாம் பிறகு. காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். அயோடின் போன்ற கிருமிநாசினி தவிர வேறெதையும் பூசக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்தால், ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியோடு, அந்த நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியும் போடுவார்கள். ரேபிஸ் அறிகுறி வெளிப்பட்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை, அதனால் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நாயை 10 நாள் கட்டுக்காவலில் வைத்துக் கவனிக்க வேண்டும். கோபத்தில் அடித்துக் கொன்றாலோ துரத்திவிட்டாலோ அந்தக் கவனிப்புக்கே வழியில்லாமல் போய்விடும். கடித்ததை மறைக்காமல் அறிவியுங்கள். நாயின் மேல் அக்கறை உள்ளவர்களும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நாயை ஒப்படைக்க வீட்டுக்காரரே சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். “இந்த நாயின் மீதான உரிமையை இன்ன அமைப்பிடம் ஒப்படைக்கிறேன்” என்று தேதி, கையெழுத்து, சாட்சியோடு இருந்தால் நாளைக்குத் திரும்பக் கேட்க முடியாது. ஏற்றுச்செல்ல மீட்புக்குழுவினர் வரட்டும், நீங்கள் சங்கிலியைத் தொட வேண்டாம். முதல் சில வாரம் அமைதியான இடம், ஒரே ஆள் பராமரிப்பு, வலிக்குச் சிகிச்சை. பிறகே கூடை போன்ற வாய்மூடியைத் தின்பண்டம் வைத்து மெல்லப் பழக்குவார்கள். சில நாய்கள் மாதக்கணக்கில் தேறி வரும். சிலவற்றைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கடைசிவரை கொடுக்க முடியாது.

சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில், அதே ஆள் மறுபடியும் விலங்கு வளர்க்கத் தடை கேட்கலாம். அதை இறுதி ஆணை வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். கோப்பையும் படங்களையும் அழித்துவிடாதீர்கள். அந்தக் கம்பத்தில் ஒரு குட்டி கட்டப்பட்டால், பட்டை கழுத்தில் புதையும்வரை காத்திருக்காமல், முதல் வாரத்திலேயே பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அதே அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.