தவுக்சானில் அப்பாவின் தாய்மாமாவைத் தேடிப் போனது

அப்பாவின் தாய்மாமா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். 1945-இல் பர்மாச் சண்டையில் இறந்தார். யாங்கோனிலிருந்து (பழைய ரங்கூன்) 35 கிலோமீட்டரில் இருக்கும் தவுக்சான் போர்க் கல்லறைக்கு ஒருநாள்கூடப் போகவில்லையே என்று எண்பது வயதில் அப்பாவுக்குக் குறை. போன வருடம் ஆடி அமாவாசைக்குக் கிளம்பினோம். தயவுசெய்து நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள், ஆடியில் அங்கே மழை கொட்டும்.

போகும் முன் ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "இந்துவா? தகன நினைவிடத்தில் பாருங்கள்" என்றார் அங்கிருந்தவர், எந்தப் பதிவேட்டையும் திறக்காமலே. நம்பினேன். அங்கே ஆயிரத்துக்கும் மேல் பெயர்கள். குடை பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் படித்தோம், இல்லை. சரி, கல்லறைகளில் பார்ப்போம் என்றால் அங்கே 6,374 பேர். நாலு வரிசை முடிவதற்குள் அப்பா குளிரில் நடுங்க ஆரம்பித்துவிட்டார். திரும்பிவிட்டோம். அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

தோட்ட வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான் வாசலில் விஷயத்தைச் சொன்னார். உடல் கிடைக்காதவர்கள் பெயர் நடுவில் இருக்கும் ரங்கூன் நினைவுச் சின்னத்தின் தூண்களில் இருக்கிறதாம். ஏறத்தாழ 27,000 பெயர்கள்! படைப்பிரிவு வாரியாக வெட்டியிருக்கிறார்கள். குருட்டாம்போக்கில் தேடினால் கிடைக்காது.

மாமாவுக்கு ராணுவத்தில் கொடுத்த எண் வேண்டும். அது இருக்கும் பழைய கடிதம் ஊரில், சித்தப்பா மகன் வீட்டுத் தகரப்பெட்டியில். "கரையான் அரிச்சுட்டது அண்ணே" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கடிதம் கிடைத்தது, போட்டோ எடுத்து அனுப்பினான்.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டு எத்தனையோ தடவை தோற்றிருந்தேன். எண்ணைப் போட்டதும் வந்துவிட்டார். பெயரில் இருந்த 'ழ'வை வெறும் 'எல்' போட்டு எழுதியிருந்தார்கள். நம் பெயர்களைத் தேடுகிறவர்கள் எண்ணிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பக்கத்தில் 'ஃபேஸ்' என்று ஓர் எண் இருக்கும், தூணின் எந்த முகம் என்று அதுதான் சொல்லும். குறித்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். காலையிலேயே போங்கள், சாய்ந்த வெயிலில்தான் வெட்டெழுத்து தெளிவாகத் தெரிகிறது. காரைத் திரும்பி வரவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

தை அமாவாசை அன்று பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தோம். பெயர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, தொட முடியவில்லை. அகலைத் தூணை ஒட்டி வைக்கவில்லை, கல்லில் கரி படியும். புல் ஓரமாக எள்ளும் தண்ணீரும் விட்டார் அப்பா.

அங்கே ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி எல்லாவற்றிலும் அஞ்சலி வரி இருக்கிறது, தமிழில் இல்லை. அப்பா அண்ணாந்து பார்த்து மாமாவை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அந்த 'ழ'வை அழுத்தி.