நாலாம் நம்பர் மைக்

2003-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாமே தர்மபுரி மாவட்டம்தான். பென்னாகரம் ரோட்டில் ஒரு மைக் செட் கடையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்த நான், ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில், மைக் சத்தத்தையெல்லாம் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்கு உட்காரும் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். திருவிழாக் காலத்தில் வாரத்துக்கு நாலு ராத்திரி மேடை. மைக் ஊளையிடாமல் பார்த்துக்கொண்டால் சம்பளம், ஊளையிட்டால் திட்டு.

முந்தைய வருடம் கேபிளில் பார்த்த ஒரு நிகழ்ச்சி எங்கள் ஓனரின் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. சேனல் வி நடத்திய ‘பாப்ஸ்டார்ஸ்’. பாட வந்த பெண்களில் ஐந்து பேரைப் பொறுக்கி, ‘விவா’ என்று பெயர் வைத்து ஆல்பமே போட்டார்கள். “பாடறவங்க தானா வந்து சேரணும்னு இல்லடா, நாமளே சேத்துடலாம்” என்றார். இது நியூசிலாந்தில் 1999-இல் தொடங்கிய சரக்கு, பல நாடு சுற்றி வந்தது என்பதெல்லாம் எங்கள் இருவருக்குமே தெரியாது.

பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் தேடி ஐந்து பிள்ளைகளைப் பிடித்தார். மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். 13 வயதிலிருந்து 16 வரை. குமாரசாமிப்பேட்டை டெய்லரிடம் ஐந்து வெள்ளி நிற ஜாக்கெட். சித்திரை வெயிலில் ஒத்திகை பார்த்தபோது அந்தத் துணிக்குள் பிள்ளைகள் வெந்தார்கள். டான்ஸ் மாஸ்டர் ஒருவர் வந்து, யார் எங்கே நிற்பது, யார் சிரிப்பது என்பதுவரை சொல்லிக்கொடுத்தார்.

கூட்டம் அள்ளியது என்றுதான் சொல்ல வேண்டும். பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம் என்று எங்கே போனாலும் “அந்தச் சின்னப் பசங்க பார்ட்டி வருதா?” என்று கேட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தார்கள். எட்டாயிரமாக இருந்த ரேட் ஆறே மாதத்தில் பதினைந்தாயிரம் ஆனது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200 ரூபாய் பேட்டா, ராத்திரி பரோட்டா. அந்த இரண்டும் கடைசிவரை ஏறவே இல்லை.

மிக்சரில் ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் ஃபேடருக்குக் கீழேயும் பிளாஸ்திரி ஒட்டி அவரவர் பெயரை எழுதி வைத்திருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு பையனுக்குக் குரல் உடைந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனால் தகரத்தைக் கிழித்த மாதிரி இருக்கும். அடுத்த வாரமே அவன் ஜாக்கெட்டைக் கையை மடித்துத் தைத்து, வேறொரு சின்னப் பையன் போட்டுக்கொண்டு வந்தான். பிளாஸ்திரியைப் பிய்த்துப் புதுப் பெயர் எழுதப் போனேன். ஓனர் பேனாவை வாங்கிக்கொண்டார். “பேரு எதுக்கு? நம்பர் போடு.”

போர்ட்டோ ரிக்கோவில் 1977-இல் ஆரம்பித்த ‘மெனுடோ’ என்ற சிறுவர் பாட்டுக் குழுவைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது இந்தப் பேனாதான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே வயது ஏறினால் பையனை மாற்றிவிடுவார்கள். குழு மட்டும் வயதாகாமல் ஓடும். பாடகர் ரிக்கி மார்ட்டின்கூட அப்படி 1984-இல் உள்ளே போய், சில வருடங்களில் வெளியே வந்தவர்தான்.

மூன்றாம் நம்பர் பெண்ணுக்கு மட்டும் நிஜமான குரல். அதை முதலில் கண்டுபிடித்தது ஓனர் இல்லை, நான்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அப்புறம் உத்தரவு வந்தது: மூன்றை ஏற்று, மற்ற நாலையும் அடியில் வை, முன்னாடியே பதிவு செய்த ட்ராக்கில் இருக்கும் கோரஸ் பார்த்துக்கொள்ளும். வைத்தேன். நாலு பிள்ளைகள் செத்த மைக்கில் உயிரைக் கொடுத்துக் கத்தினார்கள். மாற்றாக வந்த அந்தச் சின்னப் பையன் இடைவேளையில் இறங்கி வந்து, “அண்ணா, என் மைக் வேலை செய்யுதா?” என்று கேட்டான். “செய்யுதுடா, போ” என்றேன்.

2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்தது. அதே மாதம், மயானக் கொள்ளை சீசனில், நாங்களும். பேனரில் மூன்றாம் நம்பர் பெண்ணின் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டதுதான் பற்றிக்கொண்டது. மேடைக்குப் பின்னால் அம்மாக்கள் சண்டை. மற்ற நாலு பேரும் ஜாக்கெட்டைக் கழற்றி ஆர்மோனியப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்கள். சரி, அந்தப் பெண்ணாவது இருப்பாள் என்று ஓனர் நினைத்தார். பத்தாவது பரீட்சை என்று அவளும் நின்றுவிட்டாள்.

அசல் சரக்கும் ரொம்ப நாள் தாங்கவில்லை. பிரிட்டனில் ‘பாப்ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியில் உருவான ‘ஹியர்சே’ 2001-இல் முதல் பாட்டிலேயே முதலிடம் பிடித்து, 2002-இலேயே கலைந்தது. விவாவிலும் முதலில் ஒருத்தி விலகினாள், அப்புறம் குழுவே இல்லை. அதிலிருந்த நேஹா பாசின் 2007-இல் தமிழ்ப் படத்தில் பாடியதைப் பேருந்தில் கேட்டபோது, அந்தக் குரலுக்குத் தனி ஃபேடர் கிடைத்துவிட்டதே என்று ஒரு சந்தோஷம்.

போன வருடம் ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், மிக்சர் பக்கம் வந்து நின்றார் ஒருவர். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. நாலாம் நம்பர். அடையாளமே தெரியவில்லை, அவரேதான் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து, பழசையெல்லாம் பேசி, கடைசியில் அந்த மைக் விஷயத்தை நானே எடுத்தேன்.

“தெரியும்ணா. மேடையில எங்க பக்கம் திருப்பி வெச்ச மானிட்டர் ஸ்பீக்கர்ல என் சத்தம் ஒரு நாளும் வரல” என்றார். “நீங்க செய்யுதுன்னு சொன்னீங்களா, அதான் பாடினேன்.”