முதல் பட்டதாரி மாணவரின் முதல் ஆய்வு: போர்வெல் நீரில் இரும்பு

அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு புராஜெக்ட் பல நேரம் பழைய ரிப்போர்ட்டைத் திரும்ப டைப் அடிப்பதோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் மாணவருக்குத்தான் இதில் நட்டம் அதிகம். ஆய்வு எப்படி நடக்கும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அவர் தானே அளந்து, தானே நம்பக்கூடிய ஓர் எண் முதலில் கையில் வரவேண்டும். ஊர் போர்வெல் நீரில் இரும்பை அளப்பது அதற்குத் தோதான வேலை.

மோர் உப்பு (Mohr's salt, இரும்பு உள்ள ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) 0.1755 கிராம் நிறுத்து, நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, 250 மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் குறிவரை நிரப்பினால் 100 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 100 மி.கி. இரும்பு. இதுதான் ஸ்டாக் கரைசல். அதில் 25 மி.லி.யை மறுபடி 250 மி.லி. ஆக்கினால் 10 பிபிஎம். இதிலிருந்து 2.5, 5, 10, 15, 20 மி.லி. எடுத்து ஐந்து 50 மி.லி. பிளாஸ்க்குகளில் விடவேண்டும், இரும்பில்லாத பிளாங்க் ஒன்று தனியாக. எல்லாவற்றிலும் 10% ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு 1 மி.லி., 0.1% பினாந்த்ரோலின் (இரும்போடு சேர்ந்து செம்மஞ்சள் நிறம் தருவது) 5 மி.லி., 10% சோடியம் அசிட்டேட் 5 மி.லி., இதே வரிசையில். குறிவரை நீர் விட்டு 15 நிமிடம் கழித்து, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 510 நானோமீட்டரில் அளக்கலாம். 1 செ.மீ. குவெட்டில் (கரைசல் வைக்கும் சிறு கலம்) ஒளி உறிஞ்சல் 2 பிபிஎம்முக்கு 0.40, 4 பிபிஎம்முக்கு 0.80 ஒட்டி வரும். எல்லாப் புள்ளிகளும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஸ்டாக் கரைசலைச் சந்தேகிக்கவேண்டும்; ஒன்று மட்டும் விலகினால் பிப்பெட்டை.

சிக்கல் மாதிரி நீரில்தான். அப்படியே பாட்டிலில் பிடித்து வந்தால் இரும்பு காற்றுப்பட்டுப் பழுப்பாகப் படிந்து பாட்டிலிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிடிக்கும்போதே 100 மி.லி.க்கு 2 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கிறோம். அந்த நீரில் 25 மி.லி.யை 50 மி.லி. பிளாஸ்க்கில் எடுத்து வழக்கமான 5 மி.லி. அசிட்டேட் விட்டால் செம்மஞ்சள் நிறம் சரியாக ஏறாது, அல்லது மெல்ல ஏறும். அமிலத்தைச் சமாளிக்க அந்த அசிட்டேட் போதாது. பி.எச். தாளில் 4 ஒட்டி வரும்வரை கூடுதலாக விடவேண்டும்; பிளாங்க்குக்கும் அதே அமிலம், அதே அசிட்டேட். கிடைக்கும் அளவை இரண்டால் பெருக்க மறக்கக்கூடாது.

வழிகாட்டுபவர் வாயை மூடிக்கொள்ளவேண்டிய இடம் இது. நிறம் வராததைப் பார்த்து மாணவர் திகைக்கட்டும். மாதிரியில் தெரிந்த அளவு ஸ்டாண்டர்டு இரும்புக் கரைசலைச் சேர்த்துப் பார்க்க மட்டும் சொல்லுங்கள். அதிலும் நிறம் வரவில்லை என்றால் கோளாறு மாதிரியின் சூழலில் இருப்பதை அவரே பிடித்துவிடுவார். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் “புரிஞ்சுது சார்” என்பார்கள், அந்தக் கேள்வியால் பயனில்லை. 100 பிபிஎம்மிலிருந்து 3 பிபிஎம் தயாரிக்கச் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

அப்சர்வேஷன் நோட்டு தமிழில் இருக்கட்டும். ஆங்கில ரிப்போர்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழுவில் ஆங்கிலம் பேசுபவர் கருவியைப் பிடித்துக்கொள்வதும், மாணவிகள் நோட்டு எழுதுவதும் தானாக நடக்கும். வாரம் ஒருமுறை வேலையை மாற்றுங்கள். கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கென்றால் மூன்று மணிக்குமேல் புதிதாக நிறம் ஏற்றவேண்டாம். மாதிரி பிடிக்கப் போகும் பேருந்துச் செலவை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். பில் கொண்டுவா, பிறகு தருகிறேன் என்றால் பலர் பக்கத்துக் குழாயிலேயே பிடித்து வந்துவிடுவார்கள்.

அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தால், ‘ஒழுக்கமான மாணவர்’ என்ற வரியை எடுத்துவிட்டு, நிறம் ஏறாததன் காரணத்தை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நாலு வரி எழுதுங்கள்.