பெரா டெஸ்டிலிருந்து பீடித் தட்டு வரை

ஜூன் 11, 2024
மகனுக்கு எடுத்த பெரா ரிசல்ட் வந்தாச்சு. சத்தத்துக்கு மூளையில் அலை எழுகிறதா என்று பார்க்கிற காது டெஸ்ட் அது. இரண்டு காதிலும் 90 டெசிபலுக்கு மேல் சத்தம் கொடுத்தால்தான் அலை தெரிகிறதாம். "அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் திறந்தான்" என்ற அத்தையின் பேச்சு இனி செல்லாது. தம்பி என்று நாங்கள் கூப்பிடுகிற அவனுக்கு இரண்டரை வயது. உள்காதில் ஆபரேஷன் செய்து வைக்கிற கேட்கும் கருவிதான் காக்ளியர் இம்பிளான்ட். முதல்வர் காப்பீட்டில் அதை வைக்க ஆறு வயது தாண்டக்கூடாது. "ஆறு வரைக்கும் இருக்கேன்னு உட்கார்ந்திராதீங்கம்மா. சீக்கிரம் வச்சாத்தான் பேச்சு வரும்" என்றார் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட்.

ஜூன் 24
வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். இ-சேவையில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் ஆபீஸ் என்று போகும். ரேஷன் கார்டில் தம்பி பெயர் ஏறினால்தான் காப்பீட்டு அட்டை. எதற்கு அடுத்து எது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஜூலை 10
மாற்றுத்திறனாளி அட்டைக்கான முகாம். 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் பட்டியல். வரிசையில் நின்ற அண்ணன் ஒருவர், பிள்ளையின் குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் வருமான வரியில் 1,25,000 ரூபாய் கழிக்கலாம் என்றார். வரி கட்டுகிற நிலையில் நாங்கள் எங்கே! ஆனால் அவர் சம்பளம் வரம்பைத் தாண்டியதால் காப்பீடு கிடையாது. மகள் ஆபரேஷனுக்காக நிலத்தை விற்கப் பார்க்கிறார்.

செப்டம்பர் 2
தடுப்பூசி, ஸ்கேன் எல்லாம் முடிந்து ஆபரேஷனும் ஆயிற்று. ஆபரேஷனுக்கென்று ஒரு ரூபாய் கேட்கவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 24
மெஷினை முதல்முறை ஸ்விட்ச் ஆன் செய்த நாள். தம்பி சிரிப்பான் என்று இவர் போனில் வீடியோ எடுத்தார். அவன் வீறிட்டு அழுது, தலையில் ஒட்டியிருந்த மெஷினின் காந்தத்தைப் பிடுங்கி எறிந்தான். "கேட்டிருக்கு, அதான் அழுறான்" என்றார் ஆடியாலஜிஸ்ட்.

நவம்பர் 22
ஒரு வருடப் பேச்சுப் பயிற்சியும் திட்டத்திலேயே சேர்த்தி. தினமும் காலையில் கையால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் சொல்லணும். சத்தம் கேட்டால் தம்பி ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போடுவான். 'ம்' சொன்னால் உடனே விழுகிறது. 'ஸ்' சொன்னால் கொட்டையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்க்கிறான்.

டவுன் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் பயிற்சிக்குப் போகிற நாளில் பீடி சுற்ற முடியாது. அந்தக் கூலி எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வராது. பிள்ளையைப் பேசவைக்கும் வேலை முழுக்க அம்மா தலையில், அதுவும் சம்பளமில்லாமல். மழையில் மெஷின் கேபிள் வேறு மக்கர் பண்ணுகிறது. வர்ற திங்கள் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கூலி, கேபிள் இரண்டையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.